நோட்டின் மேல் எழுதியிருந்த 'சங்கீதம்'

படிக்கும் மற்றவர்களுக்கும் விளங்க வேண்டும் என்பதற்காக, உங்கள் கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். புதுச்சேரியில் வாழ்ந்து மறைந்த உங்கள் பாட்டியார், 1930களில் செங்கல்பட்டுப் பக்கம் ஸ்காட்லாந்து மிஷனைச் சேர்ந்த ஒரு பிரஸ்பிட்டேரியன் பெண்கள் பள்ளியில் விடுதியில் தங்கிப் படித்தவர். அவருடைய டிரங்குப் பெட்டியில் ஒரு நோட்டு கிடைத்திருக்கிறது. அட்டையில் 'சங்கீதம்' என்று எழுதியிருக்கிறது. முன்பாதி முழுவதும் ஆங்கிலச் சிற்றெழுத்துகள், முக்காற்புள்ளிகள், செங்குத்துக் கோடுகள். ஒரு பக்கத்தின் தலைப்பில் 'பிரெஞ்சு' என்ற சொல். பின்பாதியில் இராகம், தாளம் குறித்த தமிழ்க் கீர்த்தனைகள். நடுவே, சொல் ஒன்றுமே இல்லாத ஒரு பக்கம். அதைக் கீபோர்டில் வாசித்துப் பார்த்தால் எந்தப் பாட்டாகவும் தோன்றவில்லை என்கிறீர்கள். பாட்டியாருக்கு மேல்நாட்டு இசையும் பிரெஞ்சு மொழியும் கற்பித்தார்களா, அவ்வளவு கண்டிப்பான பக்தியுள்ள இடத்தில் பாட்டுக்கு இத்தனை இடம் ஏன், உடன் படித்த இந்துப் பெண்களும் இவற்றைப் பாடினார்களா என்பவை உங்கள் கேள்விகள்.

நான் கடலூர் மஞ்சக்குப்பத்தில் வசிப்பவள். முப்பது ஆண்டுகள் பள்ளியில் பாட்டு கற்பித்தேன். எங்கள் குடும்பம் லுத்தரன் சபையைச் சேர்ந்தது. எனக்குப் பாட்டு சொல்லிக்கொடுத்த டீச்சரம்மா உங்கள் பாட்டியாரைப் போலவே ஸ்காட்லாந்து மிஷன் விடுதியில் வளர்ந்தவர். அவர் எனக்குக் காட்டிய நோட்டும் ஏறத்தாழ நீங்கள் சொல்வது போலத்தான் இருந்தது. ஆகவே இந்தப் பதிலில் பாதி படித்தறிந்தது, பாதி அவர் வாய்மொழியாகக் கேட்டது.

அட்டையில் உள்ள சொல்லிலிருந்தே தொடங்குகிறேன். 'சங்கீதம்' என்பதை நீங்கள் இசை என்று எடுத்துக்கொண்டீர்கள்; அது இயல்புதான். ஆனால் தமிழ்ப் புராட்டஸ்டண்டு வேதாகமத்தில் தாவீதின் பாடல்கள் அடங்கிய நூலுக்கே சங்கீதம் என்றுதான் பெயர். கத்தோலிக்கர் இன்று திருப்பாடல்கள் என்று சொல்வது அதே நூலைத்தான். நூற்றைம்பது சங்கீதங்கள், இருபத்துமூன்றாம் சங்கீதம், நூறாம் சங்கீதம், நூற்றிருபத்தோராம் சங்கீதம் என்று எண்ணால் அழைப்பார்கள். உங்கள் பாட்டியார் எழுதி வைத்தது அந்த நூலைப் பாடுவதற்கான நோட்டு. ஒரே சொல் வேதநூலுக்கும் இசைக்கும் பெயராக இருப்பது தமிழில் தற்செயலாக நேர்ந்ததாக இருக்கலாம். அந்தப் பள்ளியில் வளர்ந்த பெண்களுக்கோ இரண்டும் உண்மையிலேயே ஒன்றாகத்தான் இருந்தன.

கடலூர், புதுச்சேரிப் பக்கத்தில் பிரஸ்பிட்டேரியன் என்ற பெயர் அதிகம் புழங்காது. கடலூர்க் கிறிஸ்தவர்களில் ஒரு பகுதியினர் டேனிஷ் மிஷன் வழிவந்த லுத்தரன் சபையார். புதுச்சேரிக் கிறிஸ்தவர்களில் பெரும்பாலோர் கத்தோலிக்கர். பிரஸ்பிட்டர் என்றால் மூப்பர். பேராயர் ஒருவரின் கீழ் இல்லாமல், தேர்ந்தெடுக்கப்பட்ட மூப்பர்கள் கூடி நடத்தும் சபை என்பதால் அந்தப் பெயர். பதினாறாம் நூற்றாண்டுச் சமயச் சீர்திருத்தவாதியான ஜான் கால்வினின் வழியில் ஸ்காட்லாந்தில் வேரூன்றிய சபை அது. அதன் பணியாளரான ஜான் ஆண்டர்சன் 1837இல் சென்னையில் தொடங்கிய பள்ளிதான் பிற்காலத்தில் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியாக வளர்ந்தது. அதே மிஷன் செங்கல்பட்டு, காஞ்சிபுரம் வட்டாரங்களிலும் ஊழியம் செய்தது.

கால்வினுடைய கருத்தில், ஆராதனையில் மனிதர் இயற்றிய பாட்டைவிட இறைவன் தந்த பாட்டே தகுந்தது, அதாவது சங்கீதங்கள். பாடகர் குழு பாடச் சபை கேட்டுக்கொண்டிருப்பது கூடாது. சபையே பாட வேண்டும். சொல் தெளிவாகக் கேட்க வேண்டும் என்பதால் கோவிலில் இசைக்கருவி வேண்டியதில்லை. இந்த எண்ணத்தில்தான் அவர் ஊழியம் செய்த ஜெனீவாவில் 1562க்குள் நூற்றைம்பது சங்கீதங்களும் யாப்பில் அமைக்கப்பட்டு மெட்டுகளோடு அச்சாயின. ஸ்காட்லாந்தில் 1564இல் ஒன்றும், பிறகு 1650இல் இன்றுவரை பாடப்படும் வடிவமும் வந்தன. மேடையில் ஒருவர் நின்று ஒரு வரியைத் தொடங்கித் தருவார். சபை அதைத் திருப்பிப் பாடும். எழுத்தறியாதவரும் இப்படிக் கேட்டுக் கேட்டே முழுச் சங்கீதத்தையும் மனத்தில் ஏற்றிக்கொண்டார்கள். ஆர்கன் அந்தச் சபைகளுக்குள் நுழைந்தது 1860களுக்குப் பிறகுதான்; ஸ்காட்லாந்துச் சபையிலிருந்து பிரிந்துபோன, ஆண்டர்சன் சார்ந்திருந்த ஃப்ரீ சர்ச் அதை 1883இல்தான் அனுமதித்தது.

கேட்பவருக்கு இது வறண்ட கண்டிப்பாகத் தோன்றலாம். நான் அப்படி நினைக்கவில்லை. எங்கள் ஊரிலேயே திருப்பாதிரிப்புலியூர் இருக்கிறது. கல்லோடு கட்டிக் கடலில் எறியப்பட்ட திருநாவுக்கரசர், பாடியபடியே கரையேறிய இடம் என்று வழிவழியாகச் சொல்லும் ஊர். கரையேறவிட்டகுப்பம் என்று அதன் அருகே ஒரு பெயரும் நிலைத்திருக்கிறது. ஆபத்தில் கைகொடுப்பது மனப்பாடமாக உள்ள பாட்டுத்தான் என்பது இந்த மண்ணில் யாருக்கும் புதிய செய்தி அன்று. ஸ்காட்லாந்துச் சபையாரும் அதே நம்பிக்கையில்தான் தங்கள் பிள்ளைகளுக்குச் சங்கீதம் கற்பித்தார்கள். பாட்டுக்கு அத்தனை இடம் ஏன் என்று நீங்கள் கேட்டதற்கு என் விடை இதுதான்: அந்தப் பள்ளியில் பாட்டு என்பது பக்தியோடு சேர்த்து வைத்த கலைப் பாடம் அன்று, வேதத்தை நெஞ்சில் ஏற்றும் வழி அதுவே. அதனால்தான் நல்ல குரல் உள்ளவர், இல்லாதவர் என்று பிரிக்காமல் எல்லாப் பெண்களுக்கும் கற்பித்தார்கள்.

இனி 'பிரெஞ்சு'. உங்கள் பாட்டியார் பிற்காலத்தில் புதுச்சேரியில் குடியேறியதால் அந்தச் சொல் உங்களைத் திகைக்க வைத்திருக்கிறது. அது மொழியைக் குறிப்பதன்று. ஒரு மெட்டின் பெயர். 1615இல் ஸ்காட்லாந்தில் அச்சான சங்கீதப் புத்தகத்தில் எந்தச் சங்கீதத்துக்கும் பொருத்திப் பாடத்தக்க பன்னிரண்டு பொது மெட்டுகள் இருந்தன. அவற்றுள் ஒன்றுக்கு அந்தப் பெயர். இங்கிலாந்தில் அதையே டண்டீ என்பார்கள். நூற்றிருபத்தோராம் சங்கீதத்தை ஸ்காட்லாந்தில் வழக்கமாகப் பாடுவது இந்த மெட்டில்தான். அவர்களுடைய முறையில் சொல் வேறு, மெட்டு வேறு. முதல் வரியில் எட்டு அசை, அடுத்ததில் ஆறு, மீண்டும் எட்டு, ஆறு என்ற அளவில் அமைந்த எந்தச் சங்கீதத்தையும் அதே அளவுள்ள எந்த மெட்டிலும் பாடலாம். காவடிச் சிந்து மெட்டில் புதிய பாட்டு கட்டுகிறவர்களுக்கு இது எளிதில் விளங்கும். தலைப்பின் ஓரத்தில் 'சி. எம்.' என்றிருந்தால் அது இந்த எட்டு-ஆறு அளவு, 'எல். எம்.' என்றிருந்தால் நான்கு வரியும் எட்டு எட்டாக வரும் அளவு.

அந்த எழுத்துகளுக்கு வருகிறேன். நீங்கள் கண்டது டானிக் சோல்ஃபா என்னும் எழுத்துமுறை. இங்கிலாந்தில் நார்விச் நகரத்துப் போதகர் ஒருவரின் மகளான சாரா குளோவர், பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாட்டு கற்பிக்க இதன் மூலவடிவத்தை உருவாக்கினார். ஞாயிறு பள்ளிகளில் பாடுவதற்கு எளிய முறை ஒன்றைக் கண்டறியும் பொறுப்பு 1841இல் ஜான் கர்வென் என்ற போதகரிடம் ஒப்படைக்கப்பட்டது. அவர் குளோவர் அம்மையாரின் முறையை எடுத்துத் திருத்திப் பரப்பினார். டோ, ரே, மீ, ஃபா, சோ, லா, டீ என்பவை ஏழு சுரங்கள். நோட்டில் எழுதுவது அவற்றின் ஆங்கில முதலெழுத்துகளை மட்டும். ஏழாவது சுரம் முன்பு 'சீ' என்றுதான் இருந்தது. சோவும் சீயும் ஒரே எழுத்தில் தொடங்குவதால் எழுதும்போது குழப்பம் வரும் என்று கர்வென் அதை 'டீ' ஆக்கினார். ஐந்து கோடுகள் கொண்ட தாளும் தனி அச்சும் இதற்கு வேண்டியதில்லை. ஒரு சிலேட்டும் பலப்பமும் போதும். ஏழை விடுதிகளில் இது நிலைபெற்றதற்கு அந்த எளிமையே காரணம்.

நமக்கு இதில் வியப்பதற்கு ஒன்றும் இல்லை. பியானோவில் ஒரு கட்டைக்கு ஒரு பெயர்தான். டானிக் சோல்ஃபாவில் அப்படியன்று. எந்தச் சுருதியில் தொடங்கினாலும் அந்தத் தொடக்கமே டோ. நம்முடைய ஆதார சட்ஜமும் அப்படித்தான். சரிகமபதநி கேட்டு வளர்ந்த பெண்ணிடம் டோ என்றால் ச, ரே என்றால் ரி என்று சொன்னால் ஒரே நாளில் பிடித்துக்கொள்வாள். டோவிலிருந்து டோ வரைக்கும் ஏறிப் பார்த்தால் அது நம் சங்கராபரணத்தின் சுரவரிசை. முத்துசுவாமி தீட்சிதர் ஐரோப்பிய மெட்டுகளுக்கு நோட்டுஸ்வரப் பாடல்கள் அமைத்ததும் அந்த வழியில்தான். என் டீச்சரம்மா ஏதோ வெள்ளைக்காரர் வித்தையைக் கற்றதாக ஒருநாளும் பேசியதில்லை. "சுரம் எல்லாம் ஒன்றுதான், உடுப்புத்தான் வேறு" என்பார்.

நீங்கள் படிக்கும்போது ஓர் இடத்தில் கவனம் வேண்டும். நம் கர்நாடக சங்கீதப் புத்தகங்களில் சுரத்தின் பின் வரும் காற்புள்ளியும் அரைப்புள்ளியும் கார்வையைக் காட்டும். சுரத்தை நீட்ட வேண்டும் என்று பொருள். இங்கே அப்படியல்ல. முக்காற்புள்ளி ஓர் அடியிலிருந்து, அதாவது தாளத்தின் ஒரு தட்டிலிருந்து, அடுத்த அடியைப் பிரிப்பது மட்டுமே; செங்குத்துக் கோட்டை அடுத்து வருவது அழுத்தமான அடி. நீட்டுவதற்குச் சிறு கோடு போடுவார்கள். முற்றுப்புள்ளி ஓர் அடியை இரண்டாகப் பிளக்கும். மேல் ஸ்தாயிக்கு எழுத்தின் மேல்பக்கம் சிறு குறி, கீழ் ஸ்தாயிக்குக் கீழ்ப்பக்கம். இவ்வளவு தெரிந்தால் முன்பாதி முழுவதையும் நீங்களே பாடிவிடலாம். சரிபார்க்க ஒரு வழி: 'பிரெஞ்சு' பக்கத்தின் முதல் வரி டோ, மீ, ஃபா, சோ, டோ, ரே, மீ, ஃபா என்று இருக்க வேண்டும், நம் கணக்கில் ச க ம ப ச ரி க ம.

பின்பாதிக் கீர்த்தனைகளைப் பற்றிச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நோட்டின் அரிய பகுதி அதுவே என்பது என் எண்ணம். சங்கீதங்களை மட்டுமே பாட வேண்டும் என்ற பழைய கொள்கை, 1898இல் ஸ்காட்லாந்துச் சபைகள் மூன்றும் சேர்ந்து ஒரு பாமாலைப் புத்தகம் வெளியிட்ட காலத்துக்குள் பெரும்பாலும் தளர்ந்துவிட்டது. தமிழ்நாட்டிலோ அது தளர்வதற்கு வேறொரு காரணமும் இருந்தது. ஆங்கில மெட்டுகளில் பல அழுத்தமில்லாத ஓரடியில் தொடங்கி, இரண்டாம் அசையில் அழுத்தம் பெறும். தமிழ்ச் சொல்லின் உயிரோ முதலெழுத்தில் இருக்கிறது. மோனை அமைவது அங்கே, அதை ஒட்டியே எதுகை. ஆகவே மொழிபெயர்த்த தமிழை அந்த மெட்டில் ஏற்றும்போது அழுத்தம் தவறான எழுத்தில் விழுகிறது, குறில் நெடிலாகிறது, சொல் நடுவில் உடைகிறது. பாடுகிறவருக்குப் பொருள் தெரியும், கேட்கிறவருக்குத் தெரியாது. சொல் தெளிவாகக் கேட்க வேண்டும் என்று கருவிகளையே விலக்கிய சபைக்கு இது சிறு குறையன்று.

அந்தக் குறையைத் தீர்த்தவை கீர்த்தனைகள். தஞ்சையில் வாழ்ந்த வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) இவ்வழிக்கு முன்னோடி. பல்லவி, அனுபல்லவி, சரணம் என்ற நம் உருவத்திலேயே, ஆனந்தபைரவி என்றும் ஆதி தாளம் என்றும் தலைப்பிட்டு அவரும் அவருக்குப் பின்வந்தவர்களும் இயற்றியவற்றை, 1850களில் அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்த எட்வர்டு வெப் திரட்டி அச்சிட்டார். அது சபை வேறுபாடின்றித் தமிழ்ப் புராட்டஸ்டண்டுகள் எல்லாரிடமும் சென்றது. சங்கீதப் பாட்டுக்கு நின்றார்கள், கீர்த்தனைக்குத் தரையில் அமர்ந்தார்கள் என்று டீச்சரம்மா சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. காலை ஜெபத்தில் முன்னது, மாலை ஜெபத்தில் பின்னது. கையால் தாளம் போட விடுவார்கள். ஆனால் தலையை ஆட்டினால் துரைசானியம்மாள் பார்ப்பார்களாம். உங்கள் பாட்டியார் ஒரே நோட்டின் இரு முனைகளிலிருந்தும் எழுதியிருப்பது அந்த இருவேளைப் பழக்கத்தின் தடமாக இருக்கலாம் என்று நினைக்கிறேன்.

விடுதியின் ஒரு நாள் பள்ளிக்குப் பள்ளி வேறுபட்டிருக்கும். ஆனால் அடிப்படை ஒன்றுதான். விடியலில் மணி அடித்ததும் தனி ஜெபம், பிறகு அனைவரும் கூடி ஜெபம், வகுப்பு தொடங்கும்போது வேதபாடம், இரவில் மறுபடி ஜெபம். ஒவ்வொரு வாரமும் மனப்பாட வசனம். மூத்த பெண்களுக்கு 107 கேள்விகள் கொண்ட சுருக்கமான வினாவிடை. 1640களில் வெஸ்ட்மின்ஸ்டரில் கூடிய சபையார் தொகுத்தது. ஞாயிறு ஓய்வுநாள். விளையாட்டும் பாடப்புத்தகமும் இல்லை. கோவில், ஞாயிறு பள்ளி, வீட்டுக்குக் கடிதம் எழுதுதல், பாட்டு. இயேசுவின் கடைசி விருந்தை நினைவுகூர்ந்து அப்பமும் ரசமும் பெறும் இராப்போஜனம் வாரந்தோறும் இராது; ஆண்டுக்குச் சில முறைதான், அதற்கு முன்னதாக ஆயத்த ஆராதனை நடக்கும். உங்கள் பாட்டியார் கடைசிவரை ஞாயிற்றுக்கிழமை ரேடியோவில் சினிமாப் பாட்டு கேட்கமாட்டார் என்று எழுதியிருந்தீர்களே, அது இந்த ஓய்வுநாள் பழக்கம். அவருக்குப் பாட்டின் மீது வெறுப்பு இருந்ததாகத் தயவுசெய்து எண்ண வேண்டாம்.

இந்துப் பெண்களைப் பற்றிய கேள்விக்கு ஒரே வரியில் விடை சொல்ல இயலாது. பகல் பள்ளிக்கு வந்த இந்துப் பெண்களும் காலைக் கூட்டத்தில் பாடினார்கள். கல்வி கிடைக்கும் இடத்தில் இது ஒரு பகுதி என்று பெரும்பாலான வீடுகள் ஏற்றுக்கொண்டன. ஏற்காத வீடுகளும் இருந்தன. மகளைப் பள்ளியிலிருந்து நிறுத்தியவர்களும் உண்டு. அவர்களைக் குறுகிய மனத்தினர் என்று நான் சொல்லமாட்டேன். தன் பிள்ளையின் வாயில் என்ன பாட்டு நிற்க வேண்டும் என்பதில் பெற்றோருக்கு உரிமை உண்டு. விடுதலைக்குப் பின் அரசியலமைப்பின் 28ஆம் பிரிவு, அரசு உதவி பெறும் பள்ளியில் ஒருவருடைய சம்மதமின்றி, சிறுவர் என்றால் பெற்றோர் சம்மதமின்றி, சமய போதனையிலோ வழிபாட்டிலோ கலந்துகொள்ளக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று தெளிவாக்கியது. நான் பணியாற்றிய காலத்தில் கிறிஸ்தவப் பெண்கள் வேதபாடத்துக்கும் மற்றவர்கள் நீதிபோதனை வகுப்புக்கும் பிரிந்து செல்வார்கள். பாட்டு வகுப்பில் மட்டும் எல்லாரும் சேர்ந்தே இருப்பார்கள். வடலூரிலிருந்து வந்த ஒரு மாணவி திருவருட்பாவை அத்தனை தெளிவாகப் பாடுவாள், மற்றப் பெண்கள் அதைக் கேட்டே கற்றுக்கொண்டார்கள்.

கடைசியாக, சொல் இல்லாத அந்தப் பக்கம். ஸ்காட்லாந்தில் பாட்டுப் பயிற்சியின்போது சங்கீதத்தின் புனிதச் சொற்களைப் பாடக் கூடாது என்று ஒரு பழைய வழக்கம் இருந்தது. பிழையும் சிரிப்புமாகப் பழகும் நேரத்தில் வேதவாக்கை வாயில் போட்டு மெல்லக் கூடாது என்ற அச்சம். அதற்குப் பதிலாக வேறு எளிய செய்யுள்களில் பழகினார்கள். டானிக் சோல்ஃபா வந்த பிறகு சுரப் பெயர்களிலேயே பழகுவது எளிதாயிற்று. ஆகவே சொல் இல்லாதது வியப்பன்று. பாட்டாகத் தோன்றவில்லை என்றீர்களே, அதுதான் என் கவனத்தை இழுத்தது. நீங்கள் எழுதியனுப்பிய அந்த எட்டுச் சுரங்களில் சோவும் மீயும் திரும்பத் திரும்ப வருகின்றன; மெட்டு மேலேறவும் இல்லை, இறங்கவும் இல்லை. ஆல்டோ, அதாவது மெட்டுக்குக் கீழே பாடும் பெண்குரல், அப்படித்தான் இருக்கும். பார்ட்ஸ், அதாவது பல குரல்களாகப் பிரிந்து, பாடும்போது மேல்குரலான சொப்ரானோக்காரர்கள் மெட்டைப் பாட, கீழே இன்னொரு குரல் அதைத் தாங்கி நிற்கும். அதைத் தனியாக வாசித்தால் பாட்டாகவே தோன்றாது. மெட்டை எல்லாரும் கேட்டே பாடிவிடுவார்கள் என்பதால், எழுதி வைத்துக்கொள்ள வேண்டிய தேவை பெரும்பாலும் ஆல்டோக்காரிக்குத்தான்.

அந்தப் பக்கத்தில் வரிக்கு எத்தனை சுரம் என்று எண்ணிப் பாருங்கள். எட்டு, ஆறு, எட்டு, ஆறு என்று வந்தால் அதைப் 'பிரெஞ்சு' பக்கத்தின் அருகில் வையுங்கள். உங்கள் மகள் 'பிரெஞ்சு' பக்கத்தைப் பாடட்டும், நீங்கள் மற்றதைப் பாடுங்கள். இருவரும் ஒரே சுருதியை டோவாக வைத்துக்கொண்டு, அவசரமில்லாமல், ஓர் அடிக்கு ஒரு சுரமாகப் போங்கள். ஒவ்வொரு கோட்டிலும் இரண்டு குரல்களும் இனிமையாக இணைந்தால், நீங்கள் பாடுவது உங்கள் பாட்டியாரின் குரல்.